வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ஐந்து கமராக்கள்

1953 ஆம் ஆண்டு யூன் மாதம் 2 ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை. கோடை தொடங்கவேண்டிய பருவம். ஆயின் இலண்டன் மாநகரில் குளிர்காற்றும் மழையுமாக இருந்தது. பக்கிங்ஹாம் அரண்மனைக்குச் செல்லும் வீதியின் இருமருங்கிலும் முதல்நாளிரவே வந்து, கம்பளிகளையும் பழைய பத்திரிகைத் தாள்களையும் விரித்துப் படுத்திருந்த மக்கள் நனைந்த உடையுடன் எழுந்தனர். எவரெஸ்ட் சிகரத்தை மனிதர் இருவர் மிதித்துவிட்டனர் என்ற செய்தி அன்று காலைப் பத்திரிகையில் வந்திருந்தது. அச்செய்தி அவர்களின் குளிரை ஓரளவு மறக்கச் செய்தது. இரண்டாம் எலிசபெத் மகாராணியார் முடிசூடும் நாள் அது.

வீதியில் நின்றோர் தொகை பெரிதுதான். எனினும் அன்று வீட்டினுள் இருந்தோர் தொகை அதனினும் பன்மடங்கு பெரிது. பட்டப்பகலில் யன்னற் சீலைகளை இழுத்து மூடி, அறையை இருட்டாக்கிக்கொண்டு, சுவரோரத்து மரப்பெட்டியொன்றில் ஒளிர்ந்த சிறு கண்ணாடித் திரையைச் சுற்றி அவர்கள் அமர்ந்திருந்தனர். வீட்டுக்காரர் சிலர், அயலவர் பலர். நாற்காலி போதாதபோது பிள்ளைகள் தரையில் இருந்தனர். அந்நாளைத் தொலைக்காட்சிப் பெட்டியின் திரை மங்கலானது; பகலொளியிற் பார்த்தால் உருவம் தெரியாது. ஆகவேதான் பகலிலே இருட்டு வேண்டியிருந்தது.

ஆயிரமாண்டுப் பழைமை வாய்ந்த ஒரு சமயச் சடங்கைக் குடிமக்கள் தம் வீட்டிலிருந்து, அது நிகழும் கணத்திலேயே காண்பது அதுவரை எந்த மன்னர் காலத்திலும் நிகழாதது. அது எளிதிற் கைகூடியதுமன்று. ஆலயத்தினுட் சென்ற ஐந்து கமராக்களுக்காக அதற்கு முந்திய ஆண்டில் நடைபெற்ற வழக்கு, சடங்கினும் சுவை மிக்கது.

அவ்வழக்கின் வேர் முப்பது ஆண்டுகளுக்கு முன்னே செல்கின்றது. 1923 ஆம் ஆண்டிலே, மகாராணியாரின் தாய் தந்தையர் இதே வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மணம்புரிந்தபோது, பிறந்து ஓராண்டும் நிறையாத பி.பி.சி. நிறுவனம் அத்திருமண வழிபாட்டை வானொலியில் ஒலிபரப்ப அனுமதி கேட்டது. ஆலயத்தார் மறுத்துவிட்டனர். தவறணையில் இருப்போர் தலையிலே தொப்பியுடன் திருவழிபாட்டைக் கேட்கக்கூடும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. இன்று அது நகைப்பைத் தரலாம். ஆயின், புனிதமான ஒன்று அதற்குரிய இடத்தைவிட்டு வெளியே போனால் அதற்குரிய மரியாதை கூடவே போகுமா என்ற அச்சம் வெறும் பிடிவாதமன்று. 1952 இல் எழுந்ததும் அதே அச்சந்தான்.

இடையிலே காலம் மாறியது. 1936 நவம்பர் 2 ஆந் திகதி இலண்டனின் வடபால் உள்ள அலெக்சாந்திரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தன் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிற்று. மறுஆண்டு மே மாதம் 12 ஆந் திகதி ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா. வானொலிக்கு ஆலயத்தின் கதவு அப்போது திறந்தது. திரைப்படக் கமராவுக்கும் திறந்தது. தொலைக்காட்சிக்கு மட்டும் திறக்கவில்லை. ஹைட் பார்க் மூலையில் மூன்று கமராக்களை நிறுத்தி, திரும்பிவரும் ஊர்வலத்தைக் காட்டுவதோடு அது மனநிறைவு கொள்ளவேண்டியிருந்தது. அதைப் பார்த்தோரும் இலண்டனைச் சூழ வாழ்ந்த சிறு தொகையினரே. 1939 செப்டெம்பர் 1 ஆந் திகதி, யுத்தம் வாயிலில் நின்றபோது, அச்சேவை நிறுத்தப்பட்டது. 1946 யூன் மாதத்திலேதான் மீண்டும் தொடங்கிற்று.

1952 பெப்ரவரி 6 ஆந் திகதி மன்னர் காலமானார். புதிய அரசியாரின் முடிசூட்டு விழாவுக்குரிய ஒழுங்குகளை நோர்போக் கோமகன் ஏற்றார். அரச வைபவங்களை நடத்தும் பரம்பரை உரிமை அவர் குடும்பத்துக்குரியது. தொலைக்காட்சியை உள்ளே விடலாகாது என்பது அவர் கருத்து. கந்தர்பரிப் பேராயர் ஜெப்ரி பிஷர் கருத்தும் அதுவே. பிரதம மந்திரி வின்ஸ்டன் சேர்ச்சிலும் முதலில் அப்பக்கமே சாய்ந்தார். இளவயது அரசியார் பல மணித்தியாலம் கடும் விளக்கொளியில் இருக்கவேண்டும். திரைப்படமாயின் தவறு நேர்ந்த பகுதியை வெட்டி நீக்கலாம், நேரடி ஒளிபரப்பில் அதற்கு வழியில்லை. அனைத்துக்கும் மேலாக, கடவுள் முன்னிலையில் நிகழும் சடங்கு நாடகமேடைக் காட்சியாகிவிடும். இவை அவர்கள் கூறிய நியாயங்கள். மந்திரிசபையும் இசைந்தது. ஆலயத்தின் நடுவே குறுக்காக நிற்கும் பாடகர் தடுப்புக்கு இப்பாலுள்ள பகுதியில் மட்டுமே தொலைக்காட்சி நிற்கலாம் என அவ்வாண்டு ஒக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதாவது, அரசியார் நடந்து உள்ளே போவதைக் காணலாம். நடந்து வெளியே வருவதையும் காணலாம். முடி சூடுவதைக் காணல் இயலாது.

அறிவித்தல் வெளிவந்ததும் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. பாராளுமன்றத்திலே கேள்விகள் எழுந்தன. முடிசூட்டு விழாவில் மக்களுக்கும் பங்குண்டு; முதற்சடங்கே, இவரை ஏற்கின்றீர்களா எனக் கூடியிருப்போரைக் கேட்பதுதான். அப்படியாயின் ஏற்கவேண்டிய மக்கள் யார்? ஆலயத்தில் இடம்பெற்ற எண்ணாயிரம் பேர் மட்டுமா? இவ்வினாவுக்கு மறுப்பாளரிடம் தக்க விடை இருக்கவில்லை. பிரபுக்கள் அமர்ந்து நேரிற் காணத்தக்க ஒன்றை உழைப்பாளி தன் வீட்டிற் காணலாகாது என்று யுத்தத்திற்குப் பிந்திய இங்கிலாந்திலே எந்த அரசாங்கமும் வாதிட்டு வெல்வது அரிது. சேர்ச்சில் அதனை விரைவில் உணர்ந்தார். தடையை நீக்கியவர் மகாராணியாரே என்றொரு கதை பரவியிருந்தது. பின்னாளில் வெளியான மந்திரிசபை ஆவணங்கள், நடந்தது அவ்வளவு நேர்கோடானதன்று என்பதைக் காட்டின. தொடக்கத்திலே அரண்மனைக்கும் தயக்கம் இருந்தது.

அதிகாரிகளை இசைவிக்கும் பொருட்டு ஆலயத்திலே ஓர் ஒத்திகை காட்டப்பட்டது. ஒளிபரப்பைப் பொறுப்பேற்றிருந்த பீற்றர் டிமோக் அன்று இளைஞர். பார்க்கும் பரப்பை அகலமாக்கி உருவத்தைச் சிறிதாக்கும் வில்லை ஒன்றை அவர் அன்று கமராவிற் பொருத்தினாராம். திரையிலே மனித உருவம் எங்கோ தொலைவில் நிற்பதுபோற் சிறுத்துத் தோன்றியது. பார்த்தோர் அச்சம் நீங்கினர். விழா நாளில் அவர் பொருத்தியதோ வேறு வில்லை. இதனை அவரே பின்னாளிற் குறும்போடு சொல்லியிருக்கின்றார். டிசெம்பர் மாதத்தில் முடிவு மாறியது. தடுப்புக்கு அப்பாலும் கமராக்கள் செல்லலாம். ஆனால் முகத்தை அண்மையிற் காட்டலாகாது. திருத்தைலம் பூசும் அபிடேகத்தையும் நற்கருணை வழிபாட்டையும் காட்டலாகாது. சமயத்தார் விட்டுக்கொடுத்த எல்லை அவ்வளவே. கருவறையின் முன் திரை விழும் வேளையை அறிந்தவர்களுக்கு அந்த எல்லையின் நியாயம் விளங்காமற் போகாது.

முடிவு மாறியதும் நாடெங்கும் தொலைக்காட்சிப் பெட்டி விற்பனை பெருகிற்று. 1952 மார்ச்சில் ஏறக்குறைய 14½ இலட்சமாக இருந்த தொலைக்காட்சி அனுமதிப்பத்திரங்கள் 1953 மார்ச்சில் 21 இலட்சமாயின. அடுத்த மார்ச்சில் 32 இலட்சத்தைத் தாண்டின. பெட்டி வாங்குவது அக்காலத்திலே சிறு செலவன்று. தவணை முறையில் வாங்கியோரும் வாடகைக்கு எடுத்தோரும் பலர். பி.பி.சி.யும் வாளாவிருக்கவில்லை. 1949 இல் சற்றன் கோல்ட்பீல்டிலும், 1951 இல் ஹோம் மோசிலும், 1952 இல் ஸ்கொட்லாந்துக்கும் வேல்சுக்குமாகப் பெரிய ஒளிபரப்பு நிலையங்கள் எழுந்திருந்தன. வடகிழக்கு இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விழாவுக்கு முன் தற்காலிக நிலையங்கள் அவசரமாக நிறுவப்பட்டன. யுத்தம் முடிந்து எட்டாண்டுகள் கழிந்தும் பங்கீட்டு முறை முற்றாக நீங்காத நாடு அது. விழாவை முன்னிட்டு ஆளுக்கு ஓர் இறாத்தல் சீனியும் நாலு அவுன்சு மாஜரினும் மேலதிகமாக வழங்கப்பட்டன. அச்சீனியிற் செய்த பணியாரங்களே அன்று தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் பரிமாறப்பட்டன.

காலை 10.15 மணிக்கு அறிவிப்பாளர் சில்வியா பீற்றேர்சு திரையில் தோன்றி நிகழ்ச்சியைத் தொடக்கிவைத்தார். அதிலிருந்து ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் ஒளிபரப்பு நீண்டது. மொத்தம் 21 கமராக்கள். அரண்மனை முன்றலிலும், தேம்சு நதிக்கரையில் பாடசாலைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்த வீதியிலும், ஹைட் பார்க்கிலும், ஆலயத்தின் வெளியிலும் அவை நின்றன. ஆலயத்தினுள்ளே ஐந்து. அவற்றை இயக்குவோர் மறைவான ஒடுங்கிய மூலைகளில் மணிக்கணக்காக அசையாது இருக்கவேண்டியிருந்தது. அதன்பொருட்டு உருவிற் சிறியவர்களாகப் பார்த்தே கமராக்காரரைத் தேர்ந்தனர் என்பர்.

ஆலயத்தினுள் வர்ணனையாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி. எட்டாண்டுகளுக்கு முன், ஜெர்மனியின் பெல்சன் வதைமுகாம் திறக்கப்பட்டபோது உள்ளே சென்று, அங்கு கண்ட பிணக்குவியல்களை வானொலியிற் சொல்லி உலகை நடுங்கவைத்தவர் அவர். முடிசூட்டுச் சடங்கின் ஒவ்வோர் அசைவையும், ஒவ்வோர் ஆடையின் பெயரையும் மாதக்கணக்கில் இருந்து கற்றார். அன்று வீதிகள் அடைபடும் என்பதால் தம் படகைத் தேம்சு நதியிலே வெஸ்ட்மின்ஸ்டருக்கு அருகே கொண்டுவந்து கட்டி, இரவை அதிலேயே கழித்து, விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆலயத்தின் மேல்மாடத்திலுள்ள தம் சிறு கூண்டினுட் புகுந்தார். அவருடைய நடை அலங்காரம் மிகுந்தது. இன்றைய செவிக்குத் தேன் சற்று அதிகம் கலந்ததுபோல் ஒலிக்கும். ஆயினும் எங்கே பேசாதிருக்கவேண்டும் என்பதை அவரைப்போல் அறிந்தவர் அக்காலத்தில் இல்லை. பேராயர் பேசும்போதும் பாடகர் பாடும்போதும் அவர் குரல் எழவில்லை. கறுப்பு வெள்ளைத் திரையிலே நிறங்கள் இல்லையாதலால், இது செந்நிறம், இது பொன்னிறம் என அவ்வப்போது சொல்லி, பார்ப்போரின் மனக்கண்ணில் வண்ணம் தீட்டுவதும் அவர் கடனாயிற்று.

பதினொரு மணியளவில் அரசியாரின் பொன் இரதம் ஆலய வாயிலை அடைந்தது. 11.15 மணிக்குச் சடங்கு தொடங்கிற்று. நாற்றிசையையும் நோக்கிப் பேராயர் அரசியாரை மக்களுக்குக் காட்டினார். கூடியிருந்தோர் ஏற்றொலி எழுப்பினர். பின்னர் உறுதிமொழி. ஐக்கிய இராச்சியம், கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்க ஐக்கியம், பாக்கிஸ்தான், இலங்கை என நாடுகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. டொமினியன் அந்தஸ்துப் பெற்று ஐந்தாண்டுகளே ஆன இலங்கையின் பெயர் முடிசூட்டு உறுதிமொழியில் இடம்பெற்றது அதுவே முதன்முறை, அதுவே ஈற்றுமுறையும். பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க அன்று விழாவுக்கு வந்திருந்தார். நோர்மன் ஹார்ட்னெல் வடித்த வெண்பட்டாடையிலே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மலரோ செடியோ பூவேலையாகத் தைக்கப்பட்டிருந்தது, இலங்கைக்குத் தாமரை. அவ்வாடையையே அணிந்து மகாராணியார் 1954 ஏப்பிரலிற் கொழும்பிலே பாராளுமன்றத்தைத் திறந்துவைத்தார். தொலைக்காட்சி இத்தீவுக்கு வந்ததோ அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 1979 இல்.

உறுதிமொழியை அடுத்து அபிடேகம். அரசியாரின் செந்நிற மேலாடையும் ஆபரணங்களும் களையப்பட்டன. எளிய வெண்ணிற ஆடையொன்றைத் தரித்து, எட்வேட் மன்னரின் பழைய மரநாற்காலியில் அவர் அமர்ந்தார். வீரப்பெருமக்கள் நால்வர் பொற்சரிகை விதானமொன்றைத் தாங்கிவந்து அவருக்கு மேலாகப் பிடித்தனர். அவ்வேளையில் கமரா தன் பார்வையை அகற்றிக்கொண்டது. உடன்படிக்கை அதுதான். கைகளிலும் மார்பிலும் தலையிலும் தைலம் பூசப்பட்டதை ஆலயத்தில் இருந்தோரிலும் மிகச் சிலரே கண்டனர். இருட்டறைகளில் அமர்ந்திருந்த இலட்சக்கணக்கானோர் அதனைக் காணவில்லை. காணாத அக்கணமே மிக ஆழப் பதிந்தது என்று பார்த்தோர் சிலர் பின்னாளிற் கூறினர். அது உண்மையாயின், பேராயரும் தொலைக்காட்சியாரும் தம்மையறியாமல் ஒரே பணியைச் செய்தவராவர்.

நண்பகல் கழிந்து அரைமணி நேரத்தின்பின், பேராயர் பிஷர் புனித எட்வேட்டின் மகுடத்தை உயர்த்தி, அரசியாரின் தலையில் இறக்கினார். ஐந்து இறாத்தல் நிறையுள்ள மகுடம் அது. ஆலயத்தில் வாழ்த்தொலி எழுந்தது. இலண்டன் கோட்டையிற் பீரங்கிகள் முழங்கின. தாயின் தலையில் முடி ஏறியதை, பாட்டியாருக்கும் சிற்றன்னையாருக்கும் நடுவில் நின்று நாலு வயது இளவரசர் சார்ள்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சிறுவரின் முகத்தையும் கமரா காட்டத் தவறவில்லை. சடங்கின் எத்தனையோ பெருங்காட்சிகளை மறந்த தாய்மார், சலிப்புற்றுக் கையிலே கன்னத்தை ஊன்றிய பிள்ளையை மறக்கவில்லை.

பிற்பகல் ஊர்வலம் மழையிலேயே நடந்தது. இரண்டு மைல் நீண்ட அணிவகுப்பு; பெரும்பாலான வண்டிகளின் மேல்மூடி இழுத்து அடைக்கப்பட்டிருந்தது. தொங்கா தீவுகளின் அரசி சலோத்தே ஒருவர்தாம் மூட மறுத்து, கொட்டும் மழையில் நனைந்தபடி சிரித்துக் கையசைத்துச் சென்றார். அன்று காலைவரை அவர் பெயரைக் கேள்விப்படாத இங்கிலாந்து மக்கள் மாலையிலே அவரைப் பற்றியே பேசினர். ஊர்வலத்தின் ஒரு பகுதி, சோதனை முறையாக, நிறத்துடனும் படம்பிடிக்கப்பட்டது. அது பொது ஒளிபரப்புக்கு அன்று. கம்பி வழியாக இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலைக்கு மட்டும் அனுப்பப்பட்டது. நோயுற்ற பிள்ளைகளே அன்று அவ்வூர்வலத்தை வீட்டுக்குள் இருந்தபடி வண்ணத்திற் கண்டவர்கள்.

ஆலயச் சடங்கைத் தொலைக்காட்சியிற் பார்த்த வயதுவந்தோர் 2 கோடியே 4 இலட்சம் பேர் என பி.பி.சி.யின் ஆய்வாளர் கணித்தனர். அது நாட்டின் வயதுவந்தோரிற் பாதிக்கு மேல். அவர்களுள் ஏறக்குறைய 78 இலட்சம் பேர் தம் வீட்டிலும், ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பிறர் வீட்டிலும், எஞ்சியோர் மண்டபங்களிலும் படமாளிகைகளிலும் தவறணைகளிலும் பார்த்தனர். வானொலியிற் கேட்டோர் ஒரு கோடியே 17 இலட்சம். தொலைக்காட்சி வானொலியை முந்திய முதற் பெருநாள் அது. 1923 இல் ஆலயத்தார் அஞ்சிய தவறணையும் அக்கணக்கில் இருந்தது. அங்கே எவரும் எழுந்து நின்றனரா, தொப்பியைக் கழற்றினரா என்பதைக் கணக்கெடுத்தவர் இல்லை.

பிரான்சு, ஒல்லாந்து, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளும் அன்று நேரடியாகவே கண்டன. அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டும் வழிதான் அப்போது இல்லை. செய்மதிகள் பிறவாத காலம். திரையில் ஓடிய படத்தையே பிலிமிற் பதிந்து, பதிந்த சுருள்களைப் பகுதி பகுதியாக விமான நிலையத்துக்கு அனுப்பினர். அரச விமானப் படையின் கன்பரா ஜெற் விமானங்கள் அவற்றை லாபிறடோரின் கூஸ் பே விமானத் தளத்துக்குச் சுமந்தன. அங்கிருந்து கனேடியப் போர்விமானங்கள் மொன்றியலுக்கு எடுத்துச்சென்றன. சூரியனோடு சேர்ந்து மேற்கே பறந்ததால், இலண்டனிற் பகலில் நடந்ததைக் கனடா அதே நாள் மாலைக்குள் கண்டது. அமெரிக்க நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்தப் பெரும் பொருளைச் செலவிட்டு விமானங்களை அமர்த்தியிருந்தன. ஆனால் ஏ.பி.சி. நிறுவனம், அதிக ஆரவாரமின்றிக் கனேடிய ஒளிபரப்பையே கம்பி வழியாகப் பெற்று முந்திக்கொண்டது. என்.பி.சி.யும் ஈற்றில் அதே வழிக்கு வந்தது.

என்.பி.சி.யின் பெயர் இங்கிலாந்தில் நாறியது வேறொரு காரணத்தால். அந்நிறுவனத்தின் காலை நிகழ்ச்சியில் ஜே. பிறெட் மக்ஸ் என்ற சிம்பன்சிக் குரங்கு நாள்தோறும் தோன்றி மகிழ்விப்பது வழக்கம். முடிசூட்டுச் செய்திகளின் நடுவிலும் அக்குரங்கு அன்று தோன்றிற்று. வாணிப விளம்பரங்களும் வந்தன. செய்தி கடல்கடந்து வந்ததும் இலண்டனில் எழுந்த சீற்றம் பாராளுமன்றம் வரை எட்டியது. அக்காலை, விளம்பர வருமானத்தில் இயங்கும் தொலைக்காட்சியை இங்கிலாந்தில் அனுமதிப்பதா என்ற விவாதம் சூடுபிடித்திருந்தது. எதிர்ப்பாளருக்கு அக்குரங்கைவிடச் சிறந்த சாட்சி வேறு கிடைத்திராது. எனினும் 1954 இல் சட்டம் நிறைவேறிற்று. 1955 செப்டெம்பர் 22 ஆந் திகதி ஐ.ரி.வி. தொடங்கிற்று. ஆயின் அரச வைபவங்களையும் சமய வழிபாட்டையும் ஒட்டி விளம்பரம் வரலாகாது என்ற கட்டுப்பாடு அதற்கு விதிக்கப்பட்டது.

அன்றிரவு ஒன்பது மணிக்கு மகாராணியார் வானொலியில் நாட்டுமக்களுக்கு உரையாற்றினார். ஆற்றங்கரையில் வாணவேடிக்கைகள் நடந்தன. டிம்பிள்பி மீண்டும் ஆலயத்திலிருந்து பேசவேண்டியிருந்தது. எல்லோரும் போய்விட்ட பெருமண்டபத்தைச் சுற்றிப் பார்த்த அவர் திகைத்தார். பிரபுக்களும் சீமாட்டிகளும் அமர்ந்திருந்த ஆசனவரிசைகளில், உணவு பொதிந்துவந்த தாள்களும் பழைய பத்திரிகைகளும் தின்பண்டத் துண்டுகளும் வெறுமையான சிறு மதுப்போத்தல்களும் சிதறிக் கிடந்தன. தவறணைக்காரரின் மரியாதையைப் பற்றிக் கவலைப்பட்ட பெரியோர் விட்டுச்சென்ற எச்சங்கள் அவை. அவற்றைக் கமரா காட்டவில்லை.

கமராவுக்கு ஒருமுறை திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை. 1958 ஒக்டோபரிற் பாராளுமன்றத்தின் ஆரம்ப வைபவம் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் வந்தது. பொதுமக்கள் சபையின் விவாதங்களுக்குக் கதவு திறக்க 1989 வரை செல்லவேண்டியிருந்தது. டிம்பிள்பி 1965 டிசெம்பரில் மறைந்தார். பாட்டியாரின் அருகில் நின்ற நாலு வயதுச் சிறுவர், எழுபது ஆண்டுகள் கழிந்து, 2023 மே 6 ஆந் திகதி அதே ஆலயத்தில், அதே நாற்காலியில் அமர்ந்து முடிசூடினார். உலகெங்கும் அதனை வண்ணத்திற் கண்டனர். முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் திரையில் தெரிந்தது. தைலம் பூசும் வேளை வந்தபோது மூன்று புறமும் பூவேலைத் திரைகள் நிறுத்தப்பட்டன. அன்றும் கமரா உள்ளே பார்க்கவில்லை.